ஈரலில் குற்றமில்லை

வெள்ளவத்தை,
09.03.1996

என் அம்மாவுக்கு, மகள் கௌரி எழுதுவது.

இந்தக் கடிதம் தொடங்கி எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதுவேன். நடந்ததைக் கூட்டமாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என்னைக் கொழும்புக்கு அனுப்பும்போது, "அப்பா ஒண்டும் சொல்லமாட்டார், நீதான் எனக்குக் கண்" என்றீர்கள். கண் பொய் சொல்லக்கூடாது அல்லவா?

இடம்பெயர்ந்து போன மட்டுவிலில் நீங்களும் அப்பப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? படுத்தபடியே இருப்பதால் அப்பப்பாவின் முதுகில் வந்த புண் ஆறியதா? அகதிகளுக்கு மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கரும்பலகை கிடைத்ததா?

நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது.

சனவரியில் கோட்டையில் குண்டு வெடித்தபோது அப்பாவின் அலுவலகக் கட்டடம் சேதமானதை முன்பே எழுதினேன். இப்போது அலுவலகம் புறக்கோட்டைக்கு மாறிவிட்டது என்று அப்பா சொல்கிறார். காலை ஆறரைக்கு வெள்ளைச் சேட் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியுடன் போகிறார். அந்த வேலை நிலைக்காது என்பதால் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் கம்பனிக்கு விண்ணப்பித்தார். தலைமைக் கிளாக் வேலை, அலுவலகத்தில் எழுத்து வேலைதான். நேர்முகத்தில் தெரிவாகிவிட்டார். மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான் மிச்சம். அதற்காக நேற்று டொக்டர் சவுந்தரநாயகத்தின் டிஸ்பென்சரிக்குப் போனோம்.

டொக்டர் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை செய்றீங்க?"

"கிளாக்."

"குடி இருக்கா?"

"முந்தி இருந்தது. விட்டு ஒன்பது வருஷம்."

டொக்டர் அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்தார். ஈரலுக்கு என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. எஸ்.ஜி.ஓ.ரி., எஸ்.ஜி.பி.ரி. இரண்டும் நாற்பதுக்குள் இருக்கவேண்டுமாம். அப்பாவுக்கு முதலாவது 212. இரண்டாவது 94.

"ஈரல் என்னமோ சொல்லுது, மிஸ்டர் வரதராசா. என்ன காரணம் எண்டு தெரியாம நான் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றார் டொக்டர். பிறகு கொப்பியில் குறித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "நீ என்ன எழுதுற மகள்?" என்றார்.

"எல்லாம்."

"அப்ப நல்லம். என்ட எழுத்தையும் நீயே வாசிச்சுச் சொல்லு. மருந்துக்கடைக்காரனுக்கு விளங்குதில்லையாம்."

கம்பனி ஜூலை பதினைந்து வரை அந்தப் பதவியை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. அதற்குள் காரணம் தெரிந்துவிடும். பயப்படாதீர்கள்.

அப்பப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

மகள் கௌரி


மட்டுவில்,
02.04.1996

அன்பு மகள் கௌரிக்கு,

உன் கடிதம் இருபது நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தது. நாங்கள் உயிரோடும் ஒரு கூரையின் கீழும் இருக்கிறோம். அப்பப்பாவின் புண் காய்கிறது. கரும்பலகை இல்லை. ஒரு கதவைக் கழற்றி அதில் எழுதுகிறேன்.

ஈரல் என்ற சொல்லோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். உன் மாமா பொன்னம்பலத்தை உனக்கு நினைவிருக்காது. என் ஒரே அண்ணன். ஈரல் வீங்கி முப்பத்தெட்டு வயதில் போனார். அதற்குக் காரணம் எது என்று ஊருக்கே தெரியும். அப்பா என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தவர். நான் அதை நம்பித்தான் உன்னை அவருடன் விட்டிருக்கிறேன்.

கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, பாலில் வெறும் வயிற்றில் கொடு. கொழும்பிலும் மதிலோரங்களில் முளைத்திருக்கும்.

அவர் வேலை முடிந்து வரும்போது அருகில் போய் நில். என்ன மணம் வருகிறது என்று எனக்கு எழுது. இதை அவரிடம் சொல்லாதே.

பாடங்களைக் கவனி. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

அம்மா


வெள்ளவத்தை,
12.05.1996

அன்புள்ள அம்மா,

நீங்கள் எல்லோரும் வலிகாமத்துக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று வானொலியில் கேட்டேன். உரும்பிராயில் எங்கள் வீடு இருக்கிறதா? அப்பப்பாவை எதில் ஏற்றிக்கொண்டு போனீர்கள்? நாங்கள் இருவரும் நடமாடும் சுகத்தோடு இருக்கிறோம்.

கீழ்க்காய்நெல்லியைப் பள்ளிக்கூட மதிலோரத்தில் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரப் புளோறன்ஸ் அன்ரி என் கையில் இருந்ததைப் பார்த்து, "என்ன மகள், ஆடு வளக்கப் போறியா? வாடகை கூடும், சொல்லிப்போட்டன்" என்றார். பத்து நாள் அரைத்துக் கொடுத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். டொக்டருக்குத் தெரிந்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஒரு பக்கம் தேட, நீ ஒரு பக்கம் குழை அரைச்சா, எதால ஏறுது எதால இறங்குது எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பனடோலும் வேணாம், பச்சிலையும் வேணாம். எல்லாத்தையும் நிப்பாட்டு."

நிறுத்திவிட்டேன்.

டொக்டர் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருகிறார். மஞ்சள்காமாலைக் கிருமி இல்லை. ஸ்கான் எடுத்தார்கள். ஈரலில் வீக்கமோ கொழுப்போ இல்லை. குடிப்பவர்களுக்கு ஏறுகிற இன்னொரு எண் உண்டாம். அது அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது. இதை இரண்டு தரம் வாசியுங்கள் அம்மா.

நான் கொப்பியில் கட்டம் கீறி எல்லா எண்களையும் திகதியோடு குறித்து வைத்திருக்கிறேன். ஏப்பிரல் 22இல் எடுத்த பரிசோதனையில் 58, 51. நாங்கள் சந்தோஷப்பட்டோம். டொக்டர் எனக்கு ஒரு இனிப்புக்கூடத் தந்தார். மே 10இல் மறுபடியும் 190, 90. டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏப்பிரலில் மட்டும் ஏன் குறைந்தது என்று யோசிக்கிறேன். வருடப்பிறப்புக்காகப் புறக்கோட்டை முழுவதும் ஒரு கிழமைக்கு மேல் பூட்டியிருந்தது. அப்பா வீட்டில் இருந்தார். நன்றாகத் தூங்கினார். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டபடி அருகில் நின்று பார்த்தேன். சாராய மணம் இல்லை. செத்தல்மிளகாய் மணமும் வெங்காய மணமும் வருகின்றன. கேட்டேன். "ஒஃபிஸ் வெங்காயக் கடைக்கு மேல் மாடியிலை" என்றார். தலைமயிர் ஈரமாக இருக்கிறது. "முகம் கழுவினனான்" என்றார். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. காலையில் நான் அயன் பண்ணிக் கொடுக்கும் சேட்டின் மடிப்பு மாலையிலும் கலையாமல் இருக்கிறது.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கௌரி


உரும்பிராய்,
08.06.1996

மகள் கௌரிக்கு,

வீடு இருக்கிறது. கதவுகளும் யன்னல்களும் இல்லை. அப்பப்பாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தோம். வரும் வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசுகிறார். பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது.

நீ எழுதிய எண்களை நான் பல தரம் வாசித்தேன். உனக்கு விளங்காதது எனக்கு விளங்கிவிட்டது. வருடப்பிறப்புக்குக் கடைகள் பூட்டும்போது சாராயக் கடைகளும் பூட்டும். அந்தக் கிழமை மட்டும் ஈரல் சுகமாக இருந்திருக்கிறது. பிறகு கடைகள் திறந்தன. மனிதன் மாலையில் குளித்துவிட்டு வீட்டுக்கு வருவது எதை மறைக்க? உன் மாமாவும் அப்படித்தான் வருவார். வெங்காயம் தின்றுவிட்டு.

இன்னொரு எண் சரியாக இருக்கிறது என்று டொக்டர் சொல்லலாம். டொக்டர் அவரோடு பதினெட்டு வருடம் வாழவில்லை.

குடிக்கிறவரோடு வயது வந்த பிள்ளை ஓரறையில் இருக்கக்கூடாது. வத்தளையில் அன்னபாக்கியம் சித்திக்கு எழுதியிருக்கிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அங்கேயே பள்ளிக்கூடம் மாற்றலாம். அப்பாவுக்கும் இதை எழுதிவிட்டேன். அவர் உண்மையைச் சொன்னால் யோசிப்பேன்.

நீ அழாதே. சாப்பிடாமல் இருக்காதே.

அம்மா


வெள்ளவத்தை,
30.06.1996

கனகேஸ்வரிக்கு,

என் ஐயாவை நீர் பார்க்கிற விதத்துக்கு நான் எந்தக் காலத்திலும் ஈடு செய்ய முடியாது. உமது உடம்பையும் கவனியும்.

நீர் நினைத்தது சரி. கோட்டைக் குண்டுக்குப் பிறகு மனம் சரியில்லாமல் மறுபடி தொடங்கிவிட்டேன். உம்மிடம் சொல்லத் துணிவு வரவில்லை. இனிமேல் தொடமாட்டேன். பிள்ளைக்கு இதில் எதுவும் தெரியாது. அவளை அன்னபாக்கியத்திடம் அனுப்புவது நல்லதென்று உமக்குப் பட்டால் நான் தடை சொல்லவில்லை.

கப்பல் கம்பனி வேலை பெரும்பாலும் கிடைக்காது.

வரதராசா


வெள்ளவத்தை,
30.06.1996

அன்புள்ள அம்மா,

அப்பாவின் கடிதத்தோடு ஒரே உறையில் இதை வைக்கிறேன். அவர் தன்னுடையதை ஒட்டித் தந்தார். நான் பார்க்கவில்லை.

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்தையும் அப்பப்பாவின் சுகத்தையும் நாடுகிறோம். மழை பெய்கிறது. தவணைப் பரீட்சை முடிந்துவிட்டது. விஞ்ஞானம் 81. எனக்குப் புதுச் செருப்பு வாங்கினோம்.

மகள் கௌரி


வெள்ளவத்தை,
02.07.1996

மதிப்புக்குரிய டொக்டர் சவுந்தரநாயகம் அவர்களுக்கு,

நான் வரதராசாவின் மகள் கௌரி. உங்கள் டிஸ்பென்சரியில் கொப்பியோடு இருப்பவள். தாங்களும் குடும்பத்தவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

அப்பாவின் அட்டையில் தொழில் என்ற இடத்தில் கிளாக் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது சரியில்லை. ஈரலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ எனக்குத் தெரியாது. நீங்கள்தான் ஒன்றையும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள்.

போன வியாழக்கிழமை புளோறன்ஸ் அன்ரியோடு செருப்பு வாங்கப் புறக்கோட்டைக்குப் போனேன். நாலாம் குறுக்குத்தெரு வழியாக நடந்தோம். வெங்காய லொறி ஒன்று நின்றது. அதிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டு நாலைந்து பேர் குனிந்தபடி ஓடினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது, கால்தான் தெரியும். "வழி, வழி" என்ற சத்தம் கேட்டு ஒதுங்கி நின்றேன். என் முன்னால் போனவரின் இடது காலில் பெருவிரலுக்குப் பக்கத்து விரல் மற்ற விரலின் மேல் ஏறியிருந்தது. என் அப்பாவுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான்.

பின்னால் வந்த ஒருவர் சிரித்துக்கொண்டு, "என்னாங்க கிளாக்கரையா, மூட்டைக்குப் பேர் பதியிறீங்களா? வெரசா போங்க, முதலாளி பாக்குறாரு" என்றார். "இருளப்பன், உனக்கு முன்னாலை நான் போட்டு வந்திடுவன், பார்" என்றார் முன்னால் போனவர். அது அப்பாவின் குரல். அவர் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது என்னைக் கண்டார். நான் அன்ரியின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்ரி செருப்பு விலை பேசிக்கொண்டிருந்தார்.

இதை உங்களுக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துத் தபாற்பெட்டியில் போடுகிறேன்.

பணிவுடன்,
வ. கௌரி


கொட்டாஞ்சேனை,
04.07.1996

அன்பு மகள் கௌரி,

உன் கடிதம் கிடைத்தது. தேவன் உன்னைக் காப்பாராக. பயப்படாதே, நீ பிழை எதுவும் செய்யவில்லை.

நான் நாலு மாதமாக ஈரலையே தேடினேன். நான் பார்த்த அந்த இரண்டு பொருள்களும் ஈரலில் மட்டும் இருப்பவை அல்ல. தசையிலும் இருக்கின்றன. பழக்கமில்லாத உடம்பு கனத்த பாரம் சுமந்தால் தசை நொந்து அவை இரத்தத்தில் கலக்கும். முதல் எண் இரண்டாவதைவிட இரண்டு மடங்கு இருந்ததைப் பார்த்தவுடன் நான் யோசித்திருக்கவேண்டும். குடியைத்தான் யோசித்தேன். வருடப்பிறப்பு விடுமுறையில் குறைந்ததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அவர் கிளாக் என்றார். வெள்ளைச் சேட் போட்டிருந்தார். அவருடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருட அனுபவம் உள்ளவன் செய்யக்கூடாத பிழை.

தசைக்கென்று தனியாக ஒரு பரிசோதனை இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்குச் செய்வது. திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. நான் உன் பெயரைச் சொல்லமாட்டேன். அவராகவே சொல்ல இடம் கொடுப்பேன்.

எஸ். சவுந்தரநாயகம்


உரும்பிராய்,
28.07.1996

மகள் கௌரிக்கு,

நாங்கள் சுகம். அப்பப்பா உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்.

அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். தன் கையால் எழுதியிருக்கிறார். கடிதத்தை வாசித்த அன்று நான் மூன்று வகுப்பு எடுத்தேன், நன்றாகவே எடுத்தேன். நீ எழுதிய ஆறு வரிக் கடிதத்தையும் பார்த்தேன். உனக்கும் தெரிந்திருக்கிறது, நீ என்னிடம் மறைத்திருக்கிறாய். அது எனக்கு அப்பா செய்ததைவிட நோகிறது.

ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை சித்தி வருவாள். உன் சாமான்களை ஆயத்தமாக வைத்திரு.

அம்மா


வெள்ளவத்தை,
11.08.1996

அன்பு அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. வணக்கம் சொல்லி, சுகம் விசாரித்து, முறைப்படி எழுத இன்று எனக்குப் பொறுமை இல்லை. மன்னியுங்கள்.

அப்பா குடிக்கவில்லை. ஒரு நாளும் குடிக்கவில்லை. அவர் உங்களுக்கு எழுதியது பொய். ஜூன் 30இல் நான் எழுதிய கடிதத்தில் பொய் இல்லை, ஆனால் சொல்லவேண்டியதும் அதில் இல்லை. இப்போது சொல்கிறேன்.

அப்பாவின் அலுவலகம் புறக்கோட்டைக்கு மாறவில்லை. குண்டோடு மூடிவிட்டார்கள். பெப்ரவரி 21ஆம் திகதியிலிருந்து அப்பா நாலாம் குறுக்குத்தெருவில் மூட்டை தூக்குகிறார். நான் என் கண்ணால் கண்டேன்.

கண்ட அன்று மாலை அப்பா வந்து கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன்.

"நீ கண்டனி."

"ஓம்."

"புளோறன்ஸும் கண்டவவோ?"

"இல்லை. அவ செருப்புக்கு விலை பேசிக்கொண்டு நிண்டவ."

"அப்ப சரி."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? சந்தையிலை மூட்டை தூக்கிறன் எண்டோ? கொம்மா ரீச்சர். நாளைக்கு அங்கை நாலு பேர் கேட்டால் அவ என்ன சொல்லுவா?"

"அம்மா நீங்கள் குடிக்கிறியள் எண்டெல்லோ நினைக்கிறா."

"நினைக்கட்டும். குடிச்சன் எண்டால் அவவுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் அவ நல்லா வேலை செய்வா, உனக்குத் தெரியும்தானே. மூட்டை தூக்கிறன் எண்டால் அழுவா. அங்கை ஆர் இருக்கினம் அவவைத் தேத்த? ஐயாவோ?"

அந்த வெள்ளைச் சேட்டைப் பற்றியும் கேட்டேன். "வெள்ளைச் சேட்டும் சாப்பாட்டுப் பெட்டியும் எண்டால் சென்றியிலை நிக்கிற ஆமிக்காரங்கள் 'மாத்தயா யன்ன', ஐயா போங்கோ எண்டு விடுறாங்கள். சாரம் கட்டிக்கொண்டு போற தமிழனைப் பஸ்ஸாலை இறக்கிறாங்கள். பொலிஸ் பதிவிலையும் கிளாக் எண்டுதானே கிடக்கு" என்றார். போகும்போது போடுகிறார், அங்கே கழற்றி மடித்து வைக்கிறார், திரும்பும்போது குழாயில் குளித்துவிட்டு மறுபடி போடுகிறார். அதனால்தான் அம்மா மடிப்பு கலையவில்லை.

உங்களுக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். டொக்டருக்கு எழுதக்கூடாது என்று வாங்கவில்லை. எழுதினேன்.

டொக்டர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "கையைக் காட்டுங்க" என்றார். அப்பா புறங்கையைக் காட்டினார். "திருப்புங்க." அப்பா திருப்ப நேரம் எடுத்தது. உள்ளங்கை முழுவதும் காய்த்துத் தடித்திருந்தது. ஒரு விரலில் தோல் வெடித்திருந்தது. டொக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, முதல் நாள் கேட்ட மாதிரியே கேட்டார்.

"என்ன வேலை செய்றீங்க, மிஸ்டர் வரதராசா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கொப்பியை மூடிவிட்டேன்.

"மூட்டை தூக்கிறன், டொக்டர்."

"ஒரு மூட்டை எத்தினை கிலோ?"

"வெங்காயம் ஐம்பது. அரிசி அறுபத்தைஞ்சு."

"வயசு நாப்பத்தெட்டு" என்றார் டொக்டர், தனக்குள்ளே சொல்வதுபோல. அட்டையில் ஒரு சொல்லை வெட்டிவிட்டு வேறொன்றை எழுதினார்.

தசைப் பரிசோதனையில் இருநூறுக்குள் இருக்கவேண்டியது 2140 இருந்தது. டொக்டர் பதினான்கு நாள் வேலைக்குப் போகக்கூடாது என்றார். அப்பா வீட்டில் இருந்து என் வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் வாசித்தார். ஜூலை 22இல் எடுத்த பரிசோதனையில் ஈரல் எண்கள் 36, 33. தசையும் சரியாகிவிட்டது. டொக்டர் சான்றிதழில் எழுதியதை நான் அப்படியே பார்த்து எழுதினேன்: ஈரலில் குற்றமில்லை.

ஆனால் கம்பனி சொன்ன திகதி ஜூலை பதினைந்து. சான்றிதழோடு போனபோது அந்தக் கதிரையில் வேறொருவர் இருந்தாராம். அவர் எழுந்து நின்று அப்பாவுக்கு வணக்கம் சொன்னாராம். மார்ச் மாதமே ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால் இப்போது அப்பா அங்கே இருந்திருப்பார். நான் இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

போன மாதம் ரயிலில் குண்டு வெடித்த பிறகு தெருவில் சோதனை கூடிவிட்டது. ஆனாலும் இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து மறுபடி மூட்டைக்குப் போகிறார்.

டொக்டருக்கு எழுதியது நான்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தக் கடிதத்திலை எழுத்துப் பிழை ஒண்டும் விடேல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

உங்களுக்கு இதை எழுதுவதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "அவ அழுவா" என்றார். "அழட்டும் அப்பா" என்றேன். இதற்கு என்னைக் கோபிக்கலாம்.

சித்தி வந்தால் நான் போகமாட்டேன். நீங்கள் இதை வாசித்துப் பதில் எழுதும்வரை போகமாட்டேன். டொக்டரின் சான்றிதழைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

கௌரி


வெள்ளவத்தை,
22.09.1996

அன்பு நிறைந்த அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். இப்போது இதை யோசிக்காமல் எழுத முடிகிறது. நல்லூரில் திருவிழா நடந்ததா? அப்பப்பாவுக்கு யாராவது திருவிழாவைப் பற்றிச் சொன்னார்களா?

சித்தி பதினெட்டாம் திகதி ஒரு வெறும் சூட்கேசோடு வந்தார். "என்ன பெட்டி அடுக்கேல்லையோ?" என்றார். அப்பா, "அவள் வரமாட்டாளாம்" என்றார். சித்தி அப்பாவைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு அதே சூட்கேசோடு வத்தளைக்குப் போய்விட்டார். போகும்போது, "அத்தான், நீங்கள் மெலிஞ்சு போனியள்" என்று மட்டும் சொன்னார்.

போன புதன்கிழமை மறுபடி பரிசோதித்தார்கள். அப்பா மூட்டை தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் எண்கள் 74, 45. டொக்டர், "உடம்பு பழகுது. போகப் போக இன்னும் இறங்கும்" என்றார். இது நல்ல செய்தி. நல்ல செய்தியாகவே எழுதுகிறேன். ஆனால் அதைக் கேட்டபோது டொக்டரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் "அப்ப சரி" என்றார். வேறு கம்பனிகளுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவின் பெயருக்குத்தான் வந்தது. எனக்கு இந்த முறை தனிக் கடிதம் இல்லை. பரவாயில்லை. அப்பா கட்டிலில் இருந்து வாசித்தார். நாலு பக்கம். ஒரு பக்கம் முடிந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து அடுத்ததை எடுத்தார். வாசித்து முடித்ததும் மடித்துச் சேட் பையில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. நேற்றும் அந்தக் கடிதம் அவருடைய சேட் பையிலேயே இருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் நான் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து என் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிள்ளை, கொம்மா எண்ணெய் பூசட்டாம்."

"எதுக்கு?"

அவர் சேட்டைக் கழற்றிவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். அப்பாவை நான் சேட் இல்லாமல் பார்த்து எத்தனையோ மாதம். குளியலறையிலேயே போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். வலது தோளில் ஓர் இடம் கறுத்துப்போய், செருப்பின் அடிபோலத் தடித்திருக்கிறது. பிடரிக்குக் கீழே கயிறு பட்ட தழும்பு ஒன்று. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சதை இறுகிக் கிடக்கிறது. எண்ணெயைக் கையில் சூடாக்கிப் பூசினேன்.

"வேறென்னப்பா எழுதியிருக்கிறா?"

"அது எனக்கு எழுதினது" என்றார். கொஞ்ச நேரத்தின் பின், "கொஞ்சம் மேலை" என்றார். பிறகு, "உன்ரை கடிதத்திலை எழுதிவிடு, பூசியாச்சு எண்டு" என்றார்.

பூசியாகிவிட்டது, அம்மா. நாளைக்கும் பூசுவேன். அவர் இப்போது அந்தக் கதிரையிலேயே தூங்கிவிட்டார். போர்வை போட்டிருக்கிறேன்.

இப்போது கொழும்பில் பகுதி பகுதியாக முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். எங்கள் தெருவுக்கு இன்று ஏழு மணிக்கு. அதற்குள் முடிக்க நினைத்து வேகமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பப்பாவின் கையைப் பிடித்து என் அன்பைச் சொல்லுங்கள்.

மகள் கௌரி

விளக்குகளை நிறுத்திவிட்டார்கள்.